மலையகத் தொழிலாளரின் முரசும் வளர்ச்சிக் காரணியும்

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தோரின் சந்ததியினரே மலையகத் தொழிலாளரிற் பலர். பல்மருத்துவ வரலாற்றிலும் அவர்களுக்கு இடமுண்டு. 1970 முதல் 1985 வரை ஹரால்ட் லோ குழுவினர் 480 தேயிலைத் தொழிலாளரின் முரசு நோயை, சிகிச்சை தலையிடாத அதன் இயல்பான போக்கிலே ஆராய்ந்தனர். ஒப்பிடப்பட்டோர் ஒஸ்லோ மாணவரும் கல்வியாளரும்! சிகிச்சையின்மையே இங்கு ஆய்வின் முதலாயிற்று. ஏறத்தாழ 8 சதவீதத்தினரிடம் நோய் விரைந்து முற்றியது; 11 சதவீதத்தினரிடம் முற்றவேயில்லை.

பல்லைத் தாங்கும் என்பு அழிந்தபின், துப்புரவு நோயைத் தடுக்குமேயன்றி இழந்ததை மீட்பது அரிது. காயத்திற் குருதிச் சிறுதட்டுகள் வெளியிடும் வளர்ச்சிக் காரணியோ அயற்கலங்களை ஈர்த்துப் பெருக்குகிறது. அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கி, கல்சியம் பொசுபேற்றுத் துணிக்கைகளுடன் என்புக் குழியில் இடும் முறையை அமெரிக்கா 2005இல் அங்கீகரித்தது. ஆயினும், வேரைத் துப்புரவாக்கித் தொடர்ந்து பராமரித்தாலன்றி அதன் பயன் நிலைக்காது. 1970இல் அத்தோட்டங்களில் இல்லாதிருந்தது அப்பராமரிப்பே.