உயிரியல் ஆசிரியர் பயிற்சியும் கலைச்சொல்லறிவும்

உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கப் புகுவார் பல்கலைக்கழக நிலையிற் பெறும் பயிற்சி, அறிவியலாரும் கல்வியியலாருமே ஆராய்தற்குரிய பொருளெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அப்பயிற்சியின் ஒரு கூறு தமிழ்த்துறையாரின் ஆய்வுக்கும் உரியதென்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் தமிழ்நாட்டில் இப்பயிற்சி அமைந்துள்ள முறையைக் காண்போம். தாவரவியலிலோ விலங்கியலிலோ இளநிலைப் பட்டம் பெற்றவர் அதன்மேற் கல்வியியற் பட்டத்திற்குப் (பி.எட்.) பயில்வது நெடுநாளைய வழக்கம். 2008ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இதற்கென நிறுவப்பெற்றது. ஓராண்டாக இருந்த இப்படிப்பு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த ஒழுங்குமுறையால் ஈராண்டாயிற்று. உளவியல், கல்விக் கோட்பாடு, பாடங்கற்பிக்கும் முறை என்பவற்றோடு 20 வாரப் பள்ளிப் பயிற்சியும் அதனால் இடம்பெற்றது.

பட்டப்படிப்பில் ஆங்கிலவழி உயிரியல் பயின்றவர் பலர், ஒன்பது பத்தாம் வகுப்புகளில் அதனைத் தமிழில் உணர்த்த வேண்டியவராகின்றனர். அவர்க்கு நேரும் இடர்ப்பாடு சொற்பஞ்சத்தால் வருவதன்று. சொற்பொருளின் எல்லை அறியாமையால் வருவது. அது மூவகைப்படும்.

முதலாவது, உலகவழக்கும் துறைவழக்கும் மாறுபடுதல். சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்கிறோம். விலங்கியலார் பூச்சியென வகுப்பதோ ஆறுகாலுடையவற்றையே. உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வழக்கில் ஒரு பெயர் பெறுகின்றன. முன்னது தண்டு, பின்னது வேர். வேர்க்கடலையோ மண்ணுள் விளையினும் வேரன்று, கனியே.

இரண்டாவது, சொல்லின் முன்னைப் பொருள் புதுப்பொருளை மறைத்தல். சுவாசம் என்பதை மூச்சு விடுதலாகவே கொண்ட மாணவன், உணவிலிருந்து உயிரணு ஆற்றல் பெறும் நிகழ்ச்சியும் அப்பெயர் பெறுமென அறியான். தாவரம் பகலில் ஒளிச்சேர்க்கையும் இரவில் மட்டும் சுவாசமும் செய்யுமெனக் கொள்ளும் பிழைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். சுவாசம் இருபொழுதும் நிகழ்வதன்றோ?

மூன்றாவது, ஒரு பொருட்குப் பல சொல் வழங்குதல். தமிழ்நாட்டுப் பாடநூல் செல், திசு, பரிணாமம் என்பனவற்றை இலங்கைப் பாடநூல் கலம், இழையம், கூர்ப்பு என்னும். இருநாட்டு நூல்களையும் ஒப்பக் கற்பார்க்கு இவ்வேறுபாடு தடையன்று, சொல்லாக்க நெறியை அறிதற்கு வாயிலாம்.

இனி, இலக்கணச் செல்வம் இப்பயிற்சிக்கு உதவுமாற்றையும் கருதுவோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலனறிவின் வளர்ச்சி பற்றி ஆறாக வகுக்கின்றது. புறத்தே வயிரமுடையதைப் புல்லெனவும், அகத்தே வயிரமுடையதை மரமெனவும் பகுக்கின்றது. அதன்படி மூங்கிலும் பனையும் புல்லாகும். மூங்கில் புற்குடும்பத்ததென இற்றைத் தாவரவியலும் கூறும். பனை அக்குடும்பத்ததன்று, எனினும் இரண்டும் ஒருவித்திலைத் தாவரமே. இவ்வொற்றுமை கண்டு இக்கால அறிவியல் முழுதும் ஆங்குளதென்றல் பொருந்தாது. தொல்காப்பியம் கொண்ட அடிப்படை வயிரம். தாவரவியல் கொண்ட அடிப்படை வித்திலை, மலர் முதலியன. வகைப்பாடு என்பது கொள்ளும் அடிப்படைக்கேற்ப வேறுபடுமென மாணவர்க்குக் காட்ட இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

தமிழில் உயிர்நூல் கற்பித்தல் இன்று தோன்றிய முயற்சியுமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழில் மருத்துவம் கற்பித்ததோடு, உடற்கூறு முதலிய நூல்களையும் தமிழில் வெளியிட்டார். கற்பிக்கும் தேவையே அங்குச் சொல்லை ஆக்கிற்று என்பது நோக்கத்தக்கது.

ஆதலின், கலைச்சொற் பட்டியலை மனப்பாடஞ் செய்வித்தல் மட்டும் ஆசிரியப் பயிற்சிக்குப் போதாது. ஒவ்வொரு சொற்கும் வழக்குப்பொருள் யாது, துறைப்பொருள் யாது, மாணவன் எவ்விடத்து மயங்குவான் என்னும் மூன்றையும் ஆராயப் பழக்குதல் வேண்டும். சொற்பொருள் ஆராய்ச்சியிற் பழகிய தமிழ் முதுகலை மாணவர் இப்பணியிற் கல்வியியலாரோடு கூடுவாராயின் இருதுறையும் பயனெய்தும். சொல் தெளியாதவிடத்துப் பொருளும் தெளியாது. அக்குறையைச் சுமப்பவர் வகுப்பிலிருக்கும் சிறாரே.