சாம்பாருக்கு ஏன் தண்டனை?

ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற என் மாமா, தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரல் சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றார். அத்தை உடனே தீர்ப்புச் சொன்னார்: "இனிமே உங்களுக்குப் பருப்பும் கெடையாது, சாம்பாரும் கெடையாது." முந்தின நாள் உள்ளே போன பீர், ஆட்டு ஈரல், நெத்திலி சம்பல் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மாமாவுக்கு வந்தது கௌட் எனும் மூட்டு நோய். நம் செல்களிலும் உணவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் அதை மேலும் உடைக்க யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனிதருக்கு அது இல்லை. ஆகவே பெரும்பகுதியைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது போதிய அளவு வெளியேற்றாதபோது அமிலம் இரத்தத்தில் தேங்குகிறது.

பள்ளியில் படிகாரத்தைச் சுடுநீரில் கரைத்து ஆறவைத்த சோதனை நினைவிருக்கிறதா? ஆற ஆறப் படிகம் தோன்றும். உடலின் மற்ற இடங்களைவிடக் கால்விரல் குளிர்ச்சியானது. அங்கே யூரிக் அமில உப்பு ஊசி ஊசியாகப் படிகிறது. வெள்ளை அணுக்கள் அதைத் தாக்கும்போதுதான் அந்த வீக்கமும் வலியும்.

சரி, சாம்பார்? அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் உண்டவர்களுக்குக் கௌட் அதிகம் வந்தது. பியூரின் நிறைந்த காய்கறி, பயறு வகைகளால் அந்த ஆபத்து கூடவில்லை. கொழுப்பு குறைந்த பால், தயிர் சாப்பிட்டவர்களுக்கோ குறைந்தது.

யாரும் சந்தேகப்படாத இன்னொரு ஆள் இனிப்பு. சீனியில் பாதி பிரக்டோஸ். கல்லீரல் அதைச் செரிக்கும் வேகத்தில் யூரிக் அமிலமும் பிறக்கிறது. நம் மலாக்காவின் பெருமையான குலா மலாக்காவும் பெரும்பாலும் சீனிதான். எப்போதாவது ஒரு கிண்ணம் செண்டோல் சாப்பிடலாம். தினமும் சிரப் தண்ணீரும் கேஸ் பானமும் குடிப்பதுதான் வம்பு.

ஆனால், உணவுக் கட்டுப்பாடு மட்டும் பலருக்குப் போதாது. அதனால் குறையும் அளவு சொற்பம். இரத்தப் பரிசோதனைத் தாளில் யூரிக் அமிலம் 360 மைக்ரோமோலுக்குக் கீழே வர வேண்டும். அதற்கு அலோபியூரினால் போன்ற மாத்திரை தேவைப்படலாம். 1966 முதல் கௌட்டுக்குத் தரப்படும் மருந்து இது. உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இது வலி மாத்திரை அல்ல. மாமா செய்த தவறே வலி நின்றதும் இதை நிறுத்தியதுதான். தொடங்கிய சில மாதங்களில் மீண்டும் வலி வரலாம். அதற்காகவும் நிறுத்தக் கூடாது. தோலில் தடிப்பு தோன்றினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

வலி "ஒரே நாளில்" பறக்கும் என்று சந்தையில் விற்கும் ஜாமு பக்கம் போகாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

இரத்த அழுத்தத்துக்காகத் 'தண்ணி மாத்திரை' சாப்பிடுகிறீர்களா? அவற்றில் சில யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும். நீங்களாக விட்டுவிடாமல், அடுத்த கிளினிக் நாளில் மாத்திரைப் பையோடு போய்க் கேளுங்கள்.