நிவாரணம் சட்டத்தில் இருக்கவேண்டும்

இயற்கை அனர்த்தம் நிகழ்ந்த மறுநாளே ஆட்சியாளர்கள் நிவாரணம் பற்றிப் பேசத் தொடங்குவது எந்த நாட்டிலும் வழமைதான். ஆனால், பாதிக்கப்பட்ட விவசாயியின் கையில் பணம் எப்போது சேரும் என்பது, அனர்த்தத்துக்கு முன்னரே சட்டமும் நிதியும் ஆயத்தமாக இருந்தனவா என்பதிலேயே தங்கியுள்ளது. செல்வந்த நாடான ஐக்கிய அமெரிக்காவும் இதற்கு விதிவிலக்கல்ல என்பதற்குத் தென் டகோடா மாநிலப் பண்ணையாளர்களின் அனுபவம் தக்க உதாரணமாகும்.

2013 ஒக்டோபர் முதல் வாரத்தில் அம்மாநிலத்தின் மேற்குப் பகுதியைக் கடும் பனிப்புயல் தாக்கியது. குளிர்காலம் தொடங்கியிராத நிலையில் மாடுகள் கோடைகால மேய்ச்சல் தரைகளிலேயே நின்றன. குளிரைத் தாங்கும் தடித்த உரோமமும் அவற்றுக்கு வளர்ந்திருக்கவில்லை. முதலில் பெய்த மழையில் நனைந்த மந்தைகள், அடுத்து வீசிய பனிக்காற்றில் விறைத்துப் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன.

இத்தகைய இழப்புகளுக்கு நட்டஈடு வழங்கும் திட்டமொன்று 2008ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தில் இருந்தது. வழமையான இறப்பு வீதத்துக்கு மேலதிகமாக அனர்த்தத்தால் இறக்கும் கால்நடைகளுக்குச் சந்தைப் பெறுமதியில் 75 வீதத்தை வழங்குவதே அதன் ஏற்பாடு. எனினும், 2011 செப்டெம்பர் 30ஆம் திகதிக்குப் பின்னர் நேரும் இழப்புகளுக்கு அதில் இடமிருக்கவில்லை. புதிய சட்டமோ காங்கிரஸில் இழுபட்டுக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, நிதி ஒதுக்கீடு தொடர்பான அரசியல் இழுபறியால் அதே ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து 16 நாட்கள் மத்திய அரசின் பல அலுவலகங்கள் மூடப்பட்டிருந்தன. விவசாயத் திணைக்களத்தின் உள்ளூர் அலுவலகங்களும் அவற்றுள் அடங்கும். முறைப்பாட்டைக் கேட்கவும் ஆளில்லாத அவ்வேளையில், ஏனைய மாநிலங்களின் பண்ணையாளர்கள் கிடாரிகளை அன்பளிப்பாக வழங்கிக் கைகொடுத்தமை போற்றுதற்குரியது.

2014 பெப்ரவரி 7ஆம் திகதி புதிய விவசாயச் சட்டம் கையொப்பமிடப்பட்டது. நட்டஈட்டுத் திட்டம் நிரந்தரமாக்கப்பட்டதுடன், 2011 ஒக்டோபர் முதல் நேர்ந்த இழப்புகளுக்கும் அது ஏற்புடையதாக்கப்பட்டது. விண்ணப்பங்கள் ஏப்ரல் 15ஆம் திகதியே ஏற்கப்படத் தொடங்கின. புயல் வீசி அப்போது ஆறு மாதங்கள் கடந்திருந்தன. இறந்த கால்நடைகளின் எண்ணிக்கையை நிரூபிக்கும் பொறுப்பும் உரிமையாளரையே சார்ந்தது. மந்தையின் பதிவேடு, புகைப்படம், மிருக வைத்தியரின் சான்று என்பனவற்றை வைத்திருந்தோருக்கு அது இலகுவாயிற்று.

இவ்வனுபவம் எமக்கு அந்நியமானதன்று. 2022 டிசம்பரில் எமது வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் மழையுடன் கூடிய கடுங்குளிரைத் தாங்காது நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தமையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மந்தையையே சேமிப்பாகக் கொண்டு வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரே இரவில் நேரும் இத்தகைய இழப்பு, பல வருட உழைப்பின் இழப்பாகும்.

நட்டஈட்டின் அளவு, அதனைக் கோரும் முறை, வழங்கவேண்டிய காலவெல்லை ஆகியவை அனர்த்தத்துக்கு முன்னரே சட்டத்தில் வரையறுக்கப்படுதல் அவசியம். கால்நடைகளைப் பதிவு செய்யும் பணி, காணி உறுதி இல்லாத, பொது மேய்ச்சல் தரைகளை நம்பியிருக்கும் வளர்ப்பாளர்களையும் உள்ளடக்க வேண்டும். பண்ணையாளர்களும் தமது மந்தைகளின் விபரங்களை எழுத்தில் பேணிக்கொள்வது நன்று. அனர்த்தத்தின் பின்னர் அறிவிக்கப்படும் நிவாரணம் ஆட்சியாளரின் தயவில் தங்கியிருக்கும். சட்டத்தில் உள்ள நிவாரணத்தை விவசாயி உரிமையுடன் கேட்டுப் பெறலாம் என்பதே எமது கருத்தாகும்.