அடுப்படியும் அலமாரியும் – 12: ஊறவைக்க மறந்தவர்களுக்கு ஒரு பருப்பு

கடலையை இரவே ஊறப்போட வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். மறந்துபோகிறவர்களுக்கென்றே இருக்கிறது மைசூர்ப் பருப்பு.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் கிடக்கிறது. அதனால் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். அது பயறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; கடலையும் கௌபியும் விறகைத் தின்றுவிட்டுத்தான் மசியும். தோல் நீக்கி இரண்டாக உடைத்த செம்பருப்பான மைசூர்ப் பருப்புக்கு அந்த அடம் குறைவு. குக்கரும் வேண்டாம், இருபது நிமிடத்தில் கரைந்துவிடும்.

தினமும் சமைக்கும் இந்தப் பருப்பை நாங்கள் விளைவிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. கனடாவில் பெரும்பகுதி சஸ்காச்சுவான் மாகாணத்து வயல்களில் விளைவது. கனடாவின் ஸ்காபரோவில் குடியேறிய நம்மவர்கள் உள்ளூர்ச் சரக்கில் பருப்புக்கறி வைக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள்தான் வெளிநாட்டுச் சரக்கில் வைக்கிறோம்! 2022இல் இலங்கையில் டொலர் தட்டுப்பாடு வந்தபோது, ஏழை வீட்டுக் கறி என்று பெயரெடுத்த இதன் விலையும் ஏறியது. இந்தப் பருப்புக்கு அரசியல் நினைவும் உண்டு: 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் குடாநாட்டின் மேல் உணவுப் பொதிகளை வீசிவிட்டுப் போனதை, தெற்கில் இன்றும் பருப்பை வைத்தே குறிப்பிடுகிறார்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். ஒரு கப் பருப்பைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, இரண்டரைக் கப் தண்ணீரில் போடுங்கள். கால் தேக்கரண்டி மஞ்சள், கீறிய பச்சை மிளகாய் மூன்று, நான்கு பல் உள்ளி, அரிந்த வெங்காயம் பாதி, ரம்பை இருந்தால் ஒரு துண்டு. நுரை பொங்கும், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கும். செம்மஞ்சள் நிறம் வெளிறி மஞ்சளாகும்போது பருப்பு பாதி வெந்திருக்கும். கடைய வேண்டாம், அகப்பையால் இரண்டு தரம் அழுத்தினால் போதும். சிலது மசிந்து சிலது முழுசாக நிற்பதுதான் அழகு.

உப்பைப் போட்ட பிறகு தீயைக் குறைத்து, அரைக் கப் முதற்பால் விடுங்கள். தேங்காய் துருவ நேரமில்லாவிட்டால் பக்கெட்டில் வரும் தேங்காய்ப்பால் மாவைச் சுடுதண்ணீரில் கரைத்து விடலாம். அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் பால் விட்ட பிறகு கொதிக்க விடாதீர்கள், திரைந்துவிடும். ஓரம் மெல்ல அசைந்ததும் இறக்கிவிடுங்கள்.

தாளிப்பில்தான் கறி பிழைக்கும். சூடான எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், கிள்ளிய செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். வெங்காயத்தைப் பொன்னிறத்தில் எடுக்கச் சொல்வார்கள். நான் இன்னும் சற்றுக் கருகலாக, ஓரம் மொறுமொறுக்கும்வரை விடுவேன். அப்படியே பருப்பின் மேல் கொட்டி மூடுங்கள். தேசிக்காயைக் கடைசியில், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பு வேக மறுக்கும்.

கறித்தூள் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் அது வேறு கறி.

சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் இளக்கமாக, பாணுக்குத் தடிப்பாக வையுங்கள். ஆறியதும் இறுகிவிடும், மறுபடி சூடாக்கும்போது கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு இளக்கினால் போதும்.

(அடுத்த வாரம்: உழுந்து)