குழந்தைத் தள்ளுவண்டி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றிற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவர் தம் சேமிப்பிலிருந்து 8,000 ரூபாய் எடுத்துக்கொள்ள அனுமதி கோரியிருந்த விண்ணப்பத்தைக் கண்டேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில், ‘குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்க’ என்றிருந்தது. செயலாளர் அதைப் படித்துச் சிரித்தார். தறிக்காரர் வீட்டிற்கு இது எதற்கு என்பது அவர் கருத்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் பின்னர் சொல்கிறேன்.

விண்ணப்பித்த அம்மையாருக்குப் பத்து மாதக் குழந்தை ஒன்று உண்டு. மறுபடியும் ஐந்து மாதக் கர்ப்பிணி. பகல் முழுவதும் தறியில் இருப்பவர். குழந்தையை ஒன்றரை கிலோ மீட்டர் தொலைவிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தூக்கிச் செல்பவர் முழங்கால் வலியுள்ள மாமியார். அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “சார், இது வாங்கலாமுங்களா? வாங்கினா எதை வாங்கறதுங்க? அடுத்த குழந்தைக்கும் ஆகுமுங்களா?” அன்று நின்ற நிலையில் கூறிய விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தள்ளுவண்டி தூளிக்கு மாற்று அன்று. வீட்டில் உறங்கும் குழந்தைக்குத் தூளியோ பாயோ போதும். தார் சுற்றிக்கொண்டே தூளிக் கயிற்றை இழுத்துவிடும் நம் பெண்களுக்கு அதன் சௌகரியத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி, வழிக்கு உரியது. ஆகவே குழந்தையைப் பார்த்து வண்டி வாங்குவதற்கு முன், வழியைப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் வழவழப்பான தரையின்மீது எல்லா வண்டியும் நன்றாகவே ஓடும்.

இந்தப் பாடத்தை நான் பணம் கொடுத்துக் கற்றேன். என் மூத்த குழந்தைக்காக நகரத்துக் கடை ஒன்றில் பெரிய வண்டியொன்று வாங்கினேன். அழகிய குடை, கனத்த மெத்தை, நான்கு பெரிய சக்கரங்கள். எடை என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டிற்கு வந்து நிறுத்துப் பார்த்தபோது 14 கிலோ இருந்தது. முதல் முறை பேருந்தில் ஏற முயன்றபோது நடத்துநர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார், நாங்கள் இறங்கிக்கொண்டோம். இப்போது அதில் பழைய செய்தித்தாள்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

எடை குறைந்த மடக்கு வண்டி பிறந்த வரலாறும் இத்தகைய சங்கடத்திலிருந்துதான் தொடங்குகிறது. இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்னும் பொறியாளர், இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றியவர். வெளிநாட்டிலிருந்து பேத்தியுடன் வந்த தம் மகள், கனத்த வண்டியுடன் படும் பாட்டைக் கண்டு, அலுமினியக் குழாய்களைக் கொண்டு குடைபோல் மடங்கும் வண்டியை 1965இல் உருவாக்கினார். அதன் எடை 3 கிலோவிற்கும் குறைவு. ஆனால் அது விமானப் படிக்கட்டுக்கும் தளம் பாவிய நடைபாதைக்கும் பிறந்த வண்டி. அதன் சிறு சக்கரங்கள் நம் ஊர் வண்டித்தடப் பள்ளத்தில் இறங்கினால் எளிதில் ஏறி வாரா. சக்கரம் பெரிதாக இருக்கும் அளவிற்கே பள்ளத்தையும் கல்லையும் தாண்டுவது எளிது என்பது மாட்டுவண்டி ஓட்டியவர்க்குத் தெரிந்த உண்மை.

அப்படியாயின் பெரிய சக்கரமா, குறைந்த எடையா? இரண்டும் ஒருங்கே கிடைப்பது அரிது. கிடைத்தால் விலை நமக்கு எட்டாது. ஆதலின் ஒரு மாதத்திற்குச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு எண்ணிப் பாருங்கள்: குழந்தையுடன் எத்தனை முறை நடந்து சென்றீர்கள், எத்தனை முறை பேருந்தில் ஏறினீர்கள்? 2021இல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் நீங்கியபின், பல வீடுகளில் பேருந்துக் கோடே மிகுந்து வரும். அவர்கள் மடக்கி ஒரு கையால் தூக்கக்கூடிய, 7 கிலோவிற்கு மேற்படாத வண்டியை நாடுக. நடைக் கோடு மிகுந்தவர்கள் ஓரளவு பெரிய சக்கரமுள்ளதையே தேர்ந்தெடுக்கலாம். தோட்டத்திலேயே குடியிருந்து வரப்பின்மேல் நடந்து செல்லும் விவசாய அங்கத்தினர்களுக்கு எந்த வண்டியும் உதவாது. அவர்களுக்கு இடுப்பும் சேலைத் தலைப்புமே வாகனம். பணத்தைச் செலவிட வேண்டாம்.

இனி, அடுத்த குழந்தைக்கும் ஆகுமா என்ற கேள்வி. குழந்தை ஒரே நிலையில் நிற்பதில்லை. நம் பிள்ளைத்தமிழ் இலக்கணமே ஐந்தாம் மாதத்தைச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணி என்றும், தளர்நடை தொடங்கும் காலத்தை வருகை என்றும் பருவம் பிரித்து வைத்திருக்கிறது. தள்ளுவண்டியில் இப்பருவங்களின் பொருள் பெரிது. கழுத்து நிலைத்துத் தானே உட்காரும்வரை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும்வரை, குழந்தையை நிமிர்ந்த இருக்கையில் வைத்தல் ஆகாது. தலை முன்னே தொங்கி மூச்சுக்குழல் மடங்கக்கூடும். குழந்தை அழுது அறிவிக்கவும் இயலாது. நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி பிறந்த 6, 10, 14ஆவது வாரங்களில் சுகாதார நிலையத்திற்குச் சென்றாக வேண்டும். இம்மூன்று பயணமும் குழந்தை உட்கார இயலாத பருவத்தில் வருகின்றன. ஆதலால் முதுகுப்பலகை முழுவதும் சாய்ந்து தட்டையாகும் வண்டியே இரு குழந்தைக்கும் ஆகும். ‘சற்றுச் சாயும்’ என்று கடைக்காரர் சொன்னால் போதாது. சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். குடும்பம் வளருமென்று கருதுவோர் குடை, நிறம், பொம்மை யாவற்றையும் விட்டு இந்த ஒன்றையே முதலில் பார்க்க வேண்டும்.

அந்த அம்மையார் வீட்டில் இரண்டாவது குழந்தை பிறக்கும்போது மூத்தது பதினான்கு மாதமாக இருக்கும். இரண்டுமே நெடுந்தூரம் நடக்கா. இரட்டை வண்டி வாங்கலாமா என்று கேட்டார். பக்கம் பக்கமாக இருக்கையுள்ளவை ஏறத்தாழ 75 சென்டி மீட்டர் அகலம் வரும். நம் தெருக்களில் எத்தனை வாசற்படிகள் அதற்கு வழிவிடும்? முன்பின்னாக இருக்கையுள்ளவை நீளம் மிகுந்து சந்தில் திரும்பா. பயன்படும் காலமும் ஓராண்டு ஒன்றரையாண்டுதான். ஒற்றை வண்டியில் ஒன்றைப் படுக்கவைத்து மற்றதை ஒருவர் இடுப்பில் வைத்துக்கொள்வதே மேல் என்பது என் எண்ணம். வண்டியின் பின்னே மூத்த குழந்தை நிற்பதற்கென்று பலகை பொருத்துவதும் உண்டு. சிமெண்ட் தளத்தில் சரி. நம் வீதியில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பாரத்தையும் கணக்கிட வேண்டும். ஐரோப்பியத் தர விதிகள் வண்டிகளை 15 கிலோவரை தாங்குபவை, 22 கிலோவரை தாங்குபவை என இரு வகையாகப் பிரிக்கின்றன. இரண்டு வயதுக் குழந்தை சராசரி 12 கிலோ, மூன்று வயதில் 14 கிலோ. ஆகவே 15 கிலோ வண்டி பெரும்பாலோர்க்கு மூன்று வயதுவரை போதும். ஆனால் சந்தைப் பையைக் கைப்பிடியில் மாட்டக் கூடாது. ஏற்றத்தில் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வதுபோல, பின்சக்கரத்தைத் தாங்கலாகக்கொண்டு முன்பக்கம் எழும்பி வண்டி மல்லாந்து விழும். பை, இருக்கையின் அடியிலுள்ள கூடையில்தான் இருக்க வேண்டும்.

தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்நடு ஒன்று என ஐந்து வார்களும் ஒரு கொக்கியில் சேர்கின்றனவா, காலால் மிதித்தால் பிரேக் பின்சக்கரம் இரண்டையும் பிடிக்கிறதா, விரித்தபின் பூட்டு விழுகிறதா என்பவற்றைக் கடையிலேயே பாருங்கள். மடங்கும் கீல்களில் மூடி இருக்கட்டும். குழந்தைகளின் விரல்நுனி கீலில் சிக்கித் துண்டான காரணத்தால் 2009இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை எட்டி நிற்க வேண்டும். வெயிலுக்காக வண்டி முழுவதையும் துணியால் மூடுகிறார்கள். நாமே நெய்த துணியானாலும் கூடாது. உள்ளே காற்று நின்று வெப்பம் ஏறும். குடையின் நிழலே போதும்.

வண்டி கேட்டுச் செல்வோரிடம் ‘வாக்கர்’ என்னும் சக்கர நடையை விற்றுவிடுவதும் நடக்கிறது. அதை வாங்கவே வேண்டாம். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. குழந்தை அதில் நொடியில் பல அடி தூரம் பாய்ந்துவிடும். குழித்தறி உள்ள வீட்டில் அது எங்கே போய் விழும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தச்சர் செய்யும் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. அது குழந்தை நின்று தள்ளுவது, குழந்தையின் வேகத்தில் நகர்வது. அதையும் குழி அருகில் விட வேண்டாம்.

செயலாளர் ஒரு யோசனை சொன்னார்: சங்கமே நான்கு வண்டி வாங்கி அங்கத்தினர்க்கு முறை வைத்துக் கொடுத்தால் என்ன? நல்லெண்ணந்தான். ஆயினும் துணைவிதிகளில் இடமில்லாத செலவைச் சங்க நிதியில் செய்ய முடியாது என்று ஆய்வாளன் என்ற முறையில் கூறவேண்டியதாயிற்று. ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டே பயன்படும் பொருளைப் பக்கத்து வீட்டார் இருவர் பங்கிட்டு வாங்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை. பழைய வண்டியும் வாங்கலாம். வார்கள் நைந்திருந்தாலோ, சட்டத்தில் பற்றவைத்த தடம் இருந்தாலோ மட்டும் தொடவேண்டாம்.

அந்த அம்மையார் அவ்வாறே தம் உறவினர் வீட்டிலிருந்து, முழுவதும் சாயும் பழைய வண்டியொன்றை 3,000 ரூபாய்க்கு வாங்கினார் என்று செயலாளர் பின்னர் தெரிவித்தார். மிஞ்சிய 5,000 ரூபாய் பிரசவச் செலவிற்காகக் கணக்கிலேயே இருக்கிறது. சுகாதார நிலையத்திற்கு இப்போது மாமியார் வண்டியைத் தள்ளிக்கொண்டே செல்கிறாராம். முழங்காலுக்குக் கைப்பிடி ஊன்றுகோலாகவும் உதவுகிறது என்கிறாராம்.