ஊர் கட்டியவர்கள் – 7: விற்கக் கூடாத மண்

ஜார்ஜ் கேட்பரி சாக்லேட் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பர்மிங்ஹாம் தொழிலாளிகளுக்கு எழுத்தும் வேதாகமமும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரும்கூட. அவருடைய குவேக்கர் சபையில் பாதிரியார் இல்லை, பீடம் இல்லை. மௌனமாக உட்கார்ந்து ஜெபிப்பார்கள். தன் மாணவர்கள் குடியிருந்த சேரிகளை அவர் நேரில் பார்த்தவர். பின்சுவரோடு பின்சுவர் ஒட்டிய வீடுகள். பின்பக்கம் சன்னலுக்கு வழியே கிடையாது. குழாயும் கக்கூஸும் முற்றத்தில், பலருக்கும் பொதுவாக. அங்கே இருப்பவனிடம் குடிக்காதே என்று உபதேசித்துப் புண்ணியமில்லை, முதலில் அவனுக்கு வீடு வேண்டும் என்று கேட்பரி நினைத்தார்.

தொழிற்சாலை 1879லேயே நகருக்கு வெளியே போர்ன்வில்லுக்குப் போய்விட்டிருந்தது. 1893ல் பக்கத்திலேயே 120 ஏக்கர் வாங்கினார். 1895ல் வேலை தொடங்கியது. மனையில் கால்பங்குக்கு மேல் வீடு கட்டக் கூடாது, மீதி தோட்டம். குடிவருமுன்பே மண்ணைக் கொத்தி, கோடியில் பழமரங்களும் நட்டுக் கொடுத்தார்கள். குளியலறைக்கு இடமில்லாத சிறிய வீடுகளில் அடுக்களைத் தரைக்குள்ளேயே தொட்டியைப் பதித்து மூடி போட்டார்கள்; மூடியைத் திறந்தால் குளிக்கலாம். ஊருக்குள் மதுக்கடை கிடையாது. குடியிருப்பவர்கள் ஒற்றைக் கட்டிலில் படுப்பது நல்லது என்றுகூட முதலாளி எழுதிக் கொடுத்தார். கருணையோடு கொஞ்சம் கண்காணிப்பும் சேர்ந்தே வந்தது!

தோட்டத்தையும் பழமரத்தையும்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முதலில் வீடுகளை அடக்க விலைக்கே 999 வருடக் குத்தகையில் கொடுத்தார். வாங்கியவர்களில் சிலர் நல்ல லாபத்துக்குக் கைமாற்றிவிட்டார்கள். ஏழைக்கென்று கட்டிய வீடு ஐந்தே வருடத்தில் சந்தைச் சரக்காகிவிட்டது. கேட்பரி அவர்களைத் திட்டவில்லை. 1900ல் முந்நூற்றுச் சொச்சம் வீடுகளையும் நிலத்தையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். வருகிற வாடகையில் குடும்பத்துக்கோ கம்பெனிக்கோ ஒரு காசு போகாது. மிச்சத்தில் மேலும் வீடு கட்டவேண்டும். வேலை போனால் வீடும் போகும் என்ற பயமும் இல்லை, ஏனென்றால் குடியிருந்தவர்களில் பாதிக்கு மேல் வேறு இடங்களில் வேலை பார்த்தவர்கள். தர்மம் செய்பவர்கள் ஏராளம். கொடுத்ததன் மேல் தன் பிடியையும் விட்டுவிடுகிறவர்கள் குறைவு.

ஆனாலும் சேரியின் அடிமட்டத்தில் இருந்தவனுக்கு இந்த வாடகையும் கட்டுப்படியாகவில்லை. அதைவிடச் சங்கடமான சங்கதி ஒன்று உண்டு. சாக்லேட்டுக்கான கோகோவில் கணிசமான பகுதி போர்த்துக்கீசியரின் சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்கே அங்கோலாவிலிருந்து பிடித்துவந்தவர்களை ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் அடிமைகளாக வேலை வாங்குகிறார்கள் என்ற செய்தி 1901லேயே கம்பெனியின் காதுக்கு எட்டியது. விசாரிக்க ஆள் அனுப்பினார்கள், அரசாங்கத்துக்கு எழுதினார்கள். கொள்முதலை நிறுத்தியது 1909ல். இடையில் எட்டு வருடம் அந்தக் கோகோவிலும் சாக்லேட் செய்தார்கள். பர்மிங்ஹாம் தொழிலாளியின் கொல்லையில் எத்தனை பழமரம் என்று யோசித்தவர்களுக்குக் கடல் தாண்டிய கூலிக்காரனின் கொட்டடி அவசரமாகப் படவில்லை.

இதை எழுதிய ‘ஸ்டாண்டர்ட்’ பத்திரிகை மேல் கேட்பரி கம்பெனி அவதூறு வழக்குப் போட்டது. 1909 டிசம்பரில் பர்மிங்ஹாமிலேயே தீர்ப்பு வந்தது. ஜெயித்தது கம்பெனிதான். ஜூரிகள் விதித்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி.