காற்றுக் கலனைக் காப்போம்

தோட்டத் தொழிற்சாலையிலும் பட்டறையிலும் கம்பிரசர் இயந்திரத்தை அடுத்து ஓர் இரும்புக் கலன் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். டிராக்டர் டயருக்குக் காற்று நிரப்பும்போது, இயந்திரம் ஓய்ந்திருந்தாலும் காற்று தடையின்றி வருகிறதல்லவா? அஃது இக்கலனின் பணியே ஆகும்.

கம்பிரசர் காற்றை அழுத்தி அனுப்புகிறது. கலன் அதனைச் சேமித்து வைக்கிறது. 500 லிட்டர் கலனில் அழுத்தமானி 7 பார் காட்டுமானால், ஏறக்குறைய 4,000 லிட்டர் வெளிக்காற்று அதனுள் அடைபட்டிருக்கிறது எனலாம். இச்சேமிப்பினால் இயந்திரம் அடிக்கடி ஓடி நிற்க வேண்டுவதில்லை. காற்றும் சீராகச் செல்கிறது.

ஆயினும், அச்சேமிப்பில் ஆபத்தும் உண்டு. 7 பார் அழுத்தத்தில், சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் காற்று ஏறத்தாழ 7 கிலோகிராம் எடையளவு தள்ளுகிறது. உள்ளங்கையளவான 100 சதுர சென்டிமீட்டர் இடத்தில் இது 700 கிலோகிராம் ஆகும்! நம் நாட்டு ஈரக்காற்று கலனுள் குளிர்ந்து நீராகிறது. நீர் தேங்கினால் கலனின் அடிப்பகுதி உள்ளிருந்தே துருப்பிடித்து மெலியும்; வெளிச்சாயமோ புதிதுபோல் மின்னும். மெலிந்த கலன் வெடித்தால் அருகிலிருப்போர் உயிருக்கே கேடு.

ஆகவே, நாள்தோறும் வேலை முடிந்ததும் அடிவால்வை மெல்லத் திறந்து நீரை வடித்துவிடுங்கள். பாதுகாப்பு வால்வு காற்றை வெளியேற்றினால் அதனை இறுக்கி அடைக்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள். துளை கண்டால் நீங்களே பற்றவைத்தல் கூடாது. இத்தகைய பெரிய கலன்களுக்குத் தகுதிச் சான்றிதழ் இருத்தல் வேண்டும் என்பது மலேசியச் சட்டம். அது காலாவதியாகிவிட்டதா எனக் கேட்டறிவதில் தவறில்லை.

நாளும் வடிப்பது சிறிதளவு நீர்தான். அதனால் காக்கப்படுவன பல உயிர்கள்.